கழற்றிய எட்டு ஜி.பி.

அத்தியாயம் 14

கனகலட்சுமியின் லேப்டாப் மூன்று வாரத்துக்கு முன்னால் இரண்டு தடவை நின்றுபோனதையும், அதனால் சென்னைக் கம்பெனி குறித்த நாள் தவறிப்போனதையும் போன அத்தியாயங்களில் பார்த்தோம். இன்றைக்குத்தான் கதைக்குள் வருகிறவர்களுக்கு இது போதும்: முப்பது குழந்தைக் கதைகளுக்குப் படம் வரைந்து, அவற்றை அசையவைத்துத் தருகிற வேலை அது. ஒரு நிமிட மாதிரி கேட்டிருந்தார்கள். கனகலட்சுமி வரைந்து முடித்துவிட்டாள். வரைந்ததை வீடியோவாக வெளியே எடுக்கும்போதுதான் லேப்டாப் திணறிப்போய் உட்கார்ந்துகொண்டது.

கம்பெனியில் பொறுப்பிலிருந்த தேவிகா நல்ல பெண். கெஞ்சியதும் இன்னொரு தேதி கொடுத்தாள்.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணி. அதுக்கு மேல என்னால முடியாது கனகலட்சுமி."

இன்று அந்த வெள்ளிக்கிழமை.

காலையில் திருநகர் வீட்டில், மகள் இசைவாணியைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு வந்து, லேப்டாப்பைப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். கணவன் சூரியபிரகாஷ் தோசைத் தட்டோடு அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். திருமங்கலத்தில் டிராக்டர் ஷோரூமில் அவனுக்கு விற்பனை வேலை.

"எங்க கெளம்பிட்ட?"

"செல்லூருக்கு. ராம், எஸ்எஸ்டி ரெண்டையும் மாத்திரலாம்னு பத்ரி அண்ணே சொல்லிருக்காரு. பத்து மணிக்கு வரச் சொன்னாரு."

"அதுக்கு அம்புட்டுத் தூரம் போகணுமா? திருமங்கலத்துலயே நமக்குத் தெரிஞ்ச கடை இருக்கு. எங்கிட்டக் குடு. போட்டு வாங்கிட்டு வாரேன்."

"நீங்க வர ஏழு மணி ஆயிரும். எனக்கு அஞ்சு மணிக்குள்ள அனுப்பணும். அதுபோக, வாங்கும்போது இதப் பிரிச்சு எல்லாம் போட்டுக் குடுத்தது அவருதானே. அவருக்குத்தான் இதப் பத்தித் தெரியும்."

சூரியபிரகாஷ் கையிலிருந்த தோசையைத் தட்டிலேயே வைத்தான்.

"எப்படியும் நடக்காத காரியம். இதுக்கு எதுக்கு இம்புட்டு அலையுற?"

அவன் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. காய்ச்சல்காரியிடம் பேசுவதுபோல மெதுவாகச் சொன்னான். பத்து வருடமாக அவன் குரல் அப்படித்தான். அக்கம்பக்கத்தில் எல்லோரும் அவளைக் கொடுத்துவைத்தவள் என்பார்கள். அவளும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தாள்.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

பெரியார் நிலையத்தில் பஸ் மாறி, ஆற்றைத் தாண்டி, செல்லூரில் இறங்கும்போது பத்தேகால். பத்ரிநாத்தின் கடை ஒரு சந்துக்குள் மாடியில் இருந்தது. கீழே விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அந்த அதிர்வில் மேசை மேலிருந்த சின்ன ஸ்க்ரூக்கள் தாமாக நகரும் என்பதால், பத்ரிநாத் அவற்றைக் காந்தத் தட்டில்தான் போட்டு வைப்பார். பாலிடெக்னிக்கில் கனகலட்சுமிக்கு இரண்டு வருடம் மூத்தவர். தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டார்.

லேப்டாப்பைக் கவிழ்த்துப் போட்டார். ஸ்க்ரூ டிரைவரை வைத்தவர், திருப்பாமல் குனிந்து பார்த்தார்.

"இத யார்ட்ட குடுத்த?"

"யார்ட்டயும் குடுக்கலண்ணே."

"இந்த ரெண்டு ஸ்க்ரூவும் வேற. இதோட ஸ்க்ரூ இல்ல. யாரோ தொறந்திருக்காங்க."

பின்மூடியை நெம்பி எடுத்தார். ஃபேனில் மூன்று வருடத் தூசி படிந்திருந்தது. பிரஷ்ஷை எடுக்கப் போனவர் கையை நிறுத்திக்கொண்டார்.

"கனகா, இங்க வா. இதப் பாரு."

பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பள்ளங்கள். ஒன்றில் விரல்நீளப் பச்சை அட்டை ஒன்று பதிந்திருந்தது. மற்றொன்று வெறுமனே இருந்தது.

"ராம் போடுற எடம். எட்டு ஜி.பி., எட்டு ஜி.பி.ன்னு ரெண்டு நானே போட்டுக் குடுத்தேன். ஒண்ணக் காணோம். ஓட்டிக்கிட்டிருந்தது பாதி மெமரியில. அப்புறம் எப்படி அனிமேஷன் ஓடும்? திணறத்தான் செய்யும்."

"எப்பருந்துண்ணே?"

"அத நான் எப்படிச் சொல்ல? உனக்கு எப்பருந்து திணறுது?"

சித்திரையிலிருந்து. யோசிக்கவே தேவையில்லை. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று உசிலம்பட்டி போய் எட்டு நாள் இருந்துவிட்டு வந்தாள். வந்ததிலிருந்துதான்.

"செட்டிங்ஸ்ல போய்ப் பாத்திருந்தா காட்டியிருக்குமே கனகா."

"பாத்திருக்கலாம்ணே. பாக்கத் தோணல. மிஷின்ல தப்பு இருக்கும்னே தோணல."

அவளுக்குத் தோன்றியதெல்லாம் வேறு. கை மெதுவாகிவிட்டது என்று நினைத்தாள். கண் மங்குகிறது என்று பரிசோதித்துக் கண்ணாடி வாங்கினாள். வேகமாக வேலை செய்வது எப்படி என்று இணையத்தில் ஒரு வகுப்பில் சேர்ந்தாள். காதணி விழாவுக்கும் கல்யாணத்துக்கும் அசையும் அழைப்பிதழ் கேட்டு வந்துகொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக வேறு ஆள் பார்த்துக்கொண்டபோது, அவர்களிடம் மன்னிப்புக் கேட்டுச் செய்தி அனுப்பினாள். ஒருநாள் சலித்துப்போய்க் கணவனிடம் கேட்டதும் உண்டு. "அதுக்கும் வயசாயிருச்சு, உனக்கும் வயசாயிருச்சு" என்று சிரித்தான். அவளும் கூடச் சிரித்தாள்.

படிக்கட்டில் போய் நின்று சூரியபிரகாஷுக்குப் போன் போட்டாள்.

"லேப்டாப்புக்குள்ள ராம் ஒண்ணக் காணோங்க. பத்ரி அண்ணே தொறந்து பாத்துட்டுச் சொல்றாரு. உங்களுக்கு எதுவும் தெரியுமா?"

மறுமுனையில் டிராக்டர் ஒன்று உறுமி அடங்கியது.

"ஓ, அதா. தங்கச்சி தாமரைக்குக் குடுத்தேன். நீ உசிலம்பட்டி போயிருந்தப்ப. அவ மிஷின்ல ஆல்பம் தொறக்கவே மாட்டேங்குதுன்னு வந்து அழுதா. உன்னோடது சும்மாதானே கெடந்துச்சு."

"சும்மாவா கெடந்துச்சு?"

"படம் வரையத்தானே கனகு. அதுக்கு எதுக்கு அம்புட்டு? அவளுக்கு அது பொழப்பு. புருஷன் விட்டுட்டுப் போனவ, தனியா நிக்கிறா. நாமதானே பாக்கணும்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன். மறந்துபோச்சு. சாயங்காலம் பேசுவோம், கஸ்டமர் நிக்கிறாங்க."

கனகலட்சுமி போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். கீழே தறி ஓடிக்கொண்டே இருந்தது. அவன் பொய் சொல்லவில்லை, மழுப்பவில்லை. அடுப்படியிலிருந்து ஒரு கரண்டியை எடுத்துத் தங்கைக்குக் கொடுத்ததைச் சொல்வதுபோல் சொன்னான். 

உள்ளே வந்தாள்.  பத்ரிநாத் பழைய ராமைக் கழற்றிவிட்டுப் பதினாறு ஜி.பி.யாக இரண்டு போட்டார். ஃபேனைத் துடைத்து, சூட்டைத் தணிக்கும் பேஸ்ட் காய்ந்துபோயிருந்ததைச் சுரண்டிப் புதிதாகத் தடவினார். பழைய டிரைவில் இருந்ததையெல்லாம் புது எஸ்எஸ்டிக்கு மாற்றத்தான் நேரம் பிடித்தது. மூன்று மணி ஆகிவிட்டது. இடையில் அவருடைய மனைவி கொடுத்தனுப்பிய புளியோதரையைக் கனகலட்சுமி இரண்டு வாய் தின்றுவிட்டு மூடி வைத்தாள்.

"ஓட்டிப் பாரு" என்று லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினார்.

வரைந்து வைத்திருந்த மாதிரியைத் திறந்தாள். மழைநீரைச் சேமித்து வைக்க ஊரெல்லாம் பாத்திரம் கேட்டு அலையும் ஒரு சிறுமியின் கதை. வீடியோவாக எடுக்கச் சொல்லிப் பொத்தானை அழுத்தினாள். போன தடவை நாலு மணி நேரம் ஊர்ந்துவிட்டுப் பாதியில் செத்த வேலை. திரையின் அடியில் பச்சைக்கோடு கிளம்பியது. கால்வாசி, அரைவாசி என்று தயங்காமல் போனது.

பதினாலு நிமிடத்தில் முடிந்துவிட்டது.

சந்தோஷப்பட வேண்டிய நேரம். அவளுக்கு அழுகை வந்தது. ஐந்து மாதமாக விடியற்காலம் நாலு மணிக்கு எழுந்து இந்தத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாளே, அத்தனையும் இந்தப் பதினாலு நிமிடத்துக்காகவா? பத்ரிநாத் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று, ஏற்கெனவே துடைத்த பிரஷ்ஷை மறுபடி துடைத்தார்.

மூன்றரைக்கு மாதிரியைத் தேவிகாவுக்கு அனுப்பினாள். இன்னும் ஒன்றரை மணி நேரம் பாக்கி இருந்தது.

நேரே வீட்டுக்குத்தான் பஸ் ஏறினாள். பழங்காநத்தம் வந்ததும் தன்னையறியாமல் எழுந்து இறங்கிவிட்டாள். நாத்தனார் தாமரைச்செல்வியின் வீடு அங்கேதான். முன்னறையையே ஸ்டூடியோவாக்கி, கல்யாண ஆல்பம் வடிவமைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க மதினி. சொல்லாமக் கொள்ளாம வந்திருக்கீங்க?" தாமரையின் முகம் மலர்ந்தது. சேலைத் தலைப்பால் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

அவள் லேப்டாப் திரையில் யாரோ ஒரு மாப்பிள்ளையும் பெண்ணும் திருப்பரங்குன்றம் கோயில் வாசலில் மாலையோடு நின்றார்கள். தாமரை விரலால் தள்ளத் தள்ளப் பக்கங்கள் வழுக்கிக்கொண்டு போயின.

"நல்லா ஓடுதே" என்றாள் கனகலட்சுமி.

"எல்லாம் உங்க புண்ணியத்துல. நீங்க மட்டும் அன்னைக்கு ராமைக் கழட்டிக் குடுக்காட்டி, நான் கடைய மூடிட்டு ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போயிருப்பேன்."

"நான் குடுத்தேனா?"

தாமரை நிமிர்ந்து பார்த்தாள்.

"அண்ணே அப்படித்தானே சொல்லுச்சு. 'உங்க மதினி புதுசு வாங்கப் போறா, இது அவளுக்கு வேணாம், தாமரைக்குக் குடுங்கன்னு அவளே சொன்னா'ன்னுச்சு. நன்றி சொல்ல வீட்டுக்கு வாரேன்னேன். வேணாம், அவட்ட அதப் பேசாத, கூச்சப்படுவான்னுச்சு."

ஐந்து மாதமாகத் தாமரை வரும்போதெல்லாம் பூவும் பலகாரமும் கொண்டுவந்ததும், இசைவாணிக்குப் பாவாடை எடுத்துக் கொடுத்ததும், கையைப் பிடித்துக்கொண்டு எதுவும் சொல்லாமல் நின்றதும் கனகலட்சுமிக்கு இப்போது புரிந்தது. தன் தொழில் படுத்துவிட்டதற்காக இவள் பரிதாபப்படுகிறாள் என்று நினைத்து, உள்ளுக்குள் பொசுங்கியிருக்கிறாள்.

"எனக்கு இன்னைக்குக் காலையிலதான் தெரியும் தாமரை."

தாமரை சட்டென்று எழுந்தாள். மேசையின் இழுப்பறையைத் திறந்து ஸ்க்ரூ டிரைவரைத் தேடினாள்.

"இப்பவே கழட்டித் தாரேன் மதினி."

"மூடு அத. இந்த ஆல்பம் என்னைக்குக் குடுக்கணும்?"

"நாளைக்கு."

"அப்ப வேலையப் பாரு."

பெருந்தன்மையில் சொன்னதல்ல. தாமரை மேல் இரக்கம்கூட அந்த நேரத்தில் வரவில்லை. அந்த அட்டை திரும்பி வந்து இனி என்ன ஆகப்போகிறது என்ற அலுப்புதான்.

அப்போதுதான் போன் அடித்தது. தேவிகா.

"மாதிரி வந்துச்சு கனகலட்சுமி. பாத்தேன். ரொம்ப நல்லா இருக்கு. எனக்கு ஒண்ணுதான் புரியல. வேலை வேணாம்னு செவ்வாய்க்கிழமை எழுதிட்டு, இன்னைக்கு ஏன் அனுப்பியிருக்கீங்க?"

"வேணாம்னா? நான் அப்படி எதுவும் எழுதலையே."

"உங்க மெயில்லருந்துதான் வந்துச்சு. 'குடும்பச் சூழ்நிலை காரணமாக என்னால் இந்த வேலையை ஏற்க இயலாது, தொந்தரவுக்கு மன்னிக்கவும்'னு. நான் நல்லா யோசிச்சுக்கங்கன்னு பதில் போட்டேன். 'முடிவில் மாற்றமில்லை'ன்னு அதுக்கும் உடனே பதில் வந்துச்சே."

செவ்வாய்க்கிழமை. பள்ளியில் பெற்றோர் கூட்டம். போனில் சார்ஜ் இல்லையென்று வீட்டிலேயே சொருகிவிட்டுப் போனாள். சூரியபிரகாஷுக்கு அன்று காலை விடுப்பு. திரும்பி வந்தபோது அவன் அவளுக்கும் சேர்த்துக் காபி போட்டு வைத்திருந்தான். அவள் போனிலிருந்து மெயில் அனுப்பி, அனுப்பியதையும் வந்ததையும் அழித்துவிட்டுத்தான் அதைப் போட்டிருப்பான்.

"உங்களுக்குத் தெரியாம வேற யாராவது அனுப்பிட்டாங்களா? ஹேக் எதுவும்..."

தேவிகா பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு நீட்டுகிறாள். ஆமாம், யாரோ உள்ளே புகுந்துவிட்டார்கள் என்று சொல்லிவிட்டால் குடும்ப மானம் நின்றுவிடும். தாமரை எதிரிலேயே இருந்தாள். அவனுடைய தங்கை. போனில் பேசுவது அந்தச் சின்ன அறையில் அவளுக்கும் கேட்டுக்கொண்டிருந்தது.

"எங்க வீட்டுக்காரர் அனுப்பியிருக்காரு" என்றாள் கனகலட்சுமி. "என்னைக் கேக்காம."

அவள் கணவனைப் பற்றி வெளி மனுஷியிடம் சொன்ன முதல் குறை அது.

 "முப்பது கதையும் வேறொருத்தருக்குப் போயிருச்சு. புதன்கிழமை கையெழுத்தும் ஆயிருச்சு. அதுல என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்றாள் தேவிகா.

"சரிங்க."

"வேற ஒரு வேலை இருக்கு. ஆனா வீட்டுல இருந்து செய்ய முடியாது. இங்க சென்னையில, எங்க ஆபீஸ்ல உக்காந்து செய்யணும். மூணு மாசம். தங்குறதுக்கு நாங்களே எடம் பாத்துத் தருவோம். திங்கக்கிழமை சேரணும். நீங்க வீட்டுல கேட்டுட்டு..."

"வாரேன்."

"இல்ல, வீட்டுல ஒரு வார்த்தை..."

"திங்கக்கிழமை வாரேங்க."

போனை வைத்தாள். தாமரை தண்ணீர்ச் சொம்பை நீட்டினாள்.

"மதினி, இசையை யாரு பாப்பா?"

கனகலட்சுமி தண்ணீரைக் குடித்தாள்.

"அண்ணே உங்கள விடாது."

"அவருக்கு நானே சொல்லிக்கிறேன். நாளைக்கு ஒருநாள் எனக்கு வேணும். அதுவரைக்கும் நீ வாயத் தொறக்காத தாமரை."

தாமரை தலையை ஆட்டினாள். ஆனால் அவள் கண் திரையில் நின்ற மாப்பிள்ளை பெண் மீது இருந்தது. கனகலட்சுமி வெளியே வந்து செருப்பை மாட்டும்வரை அது அங்கேயே இருந்தது.

ஆறு மணிக்கு வீடு வந்தாள். சூரியபிரகாஷ் வழக்கத்துக்கு மாறாக அவளுக்கு முன்பே வந்திருந்தான். மேசை மேல் பரோட்டாப் பொட்டலமும் சால்னாவும் இருந்தன. இசைவாணி தரையில் குப்புறப் படுத்து வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தாள்.

"அனுப்பிட்டியா?"

"அனுப்பிட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"செவ்வாய்க்கிழமையே நான் வேணாம்னு சொல்லிட்டேனாம்."

சூரியபிரகாஷ் மகளைப் பார்த்தான். "இசைம்மா, மாடிக்குப் போயி துணி காஞ்சிருச்சான்னு பாத்துட்டு வா" என்றான். பிள்ளை படியேறிப் போனாள். அவன் பரோட்டாப் பொட்டலத்தின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

"போன தடவை தவறிப்போனப்ப நீ மூணு நாளு சரியாச் சாப்பிடல. பாத்ரூம்ல தண்ணியத் தொறந்து விட்டுட்டு அழுத. மறுபடியும் அதே நடக்கும். அத என்னால பாக்க முடியாதுன்னுதான் அனுப்புனேன் கனகு. வேற எதுக்கும் இல்ல."

அவன் சொன்னது உண்மை என்று அவளுக்குத் தெரிந்தது. அவன் கண் கலங்கியிருந்தது. அதுவும் நடிப்பில்லை.

"நான் ஏன் தோத்தேன்?" என்று கேட்டாள்.

அவன் நூலைச் சுருட்டினான்.

"கழட்டுனது நீங்க. என்னால முடியலன்னு நான் அழுதப்ப, பரவால்ல விடுன்னு தேத்துனதும் நீங்க. அப்பவாச்சும் சொல்லிருக்கலாம். அஞ்சு மாசங்க. நான் கண்ணாடி வாங்கப் போனப்ப கடைக்குக் கூட வந்தீங்களே. ஃப்ரேம்கூட நீங்கதானே எடுத்துக் குடுத்தீங்க."

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கும்னு எனக்குத் தெரியாது."

"தெரிஞ்சுதான் காலையில லேப்டாப்ப எங்கிட்டக் குடுன்னு கேட்டீங்க."



"சரி விடு. இப்பத்தான் புதுசாப் போட்டாச்சே" என்றான். "சாப்பிடு, ஆறிப்போயிரும்."

அவள் பொட்டலத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு லேப்டாப்பை மேசையில் வைத்துத் திறந்தாள். கண் மூடித் திறப்பதற்குள் திரை வந்து நின்றது.

"பரவால்லயே, வேகமாத்தான் இருக்கு" என்றான் சூரியபிரகாஷ், பேச்சை மாற்றிவிட்ட நிம்மதியில். "என்ன பண்ற?"

"மெயில் பாஸ்வேர்ட மாத்துறேன்."

"எதுக்கு? சரி, மாத்திக்க. என்னன்னு எங்கிட்டச் சொல்லி வையி. ஒரு அவசரம்னா வேணும்ல."

அவள் தட்டினாள். இன்னொரு தடவை தட்டச் சொல்லிக் கேட்டது. இன்னொரு தடவை தட்டினாள்.

பரோட்டாவுக்கும் சால்னாவுக்கும் நடுவில் கிடந்த அவனுடைய போன் அதிர்ந்தது. தலைகீழாகத் தெரிந்தாலும் கனகலட்சுமி பெயரைப் படித்துவிட்டாள். தாமரை.

சூரியபிரகாஷ் விரலிலிருந்த எண்ணெயைக் காகிதத்தில் துடைத்துவிட்டுப் போனை எடுத்தான்.

"சொல்லு தாமரை" என்றான்.